வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: கருப்பையும் நைட்ரிக் ஆக்சைடும்

கர்ப்ப காலத்தில் கருப்பைத் தசையை அமைதியாக வைத்திருப்பதில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவுக்கும் பங்கு உண்டு என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளில் அமைந்த கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வாகனப் புகையில் உள்ள நச்சு வாயுக்களில் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அது கருப்பைக்குள் எப்படி வந்தது? ஏழு மாதக் கர்ப்பிணியான எனக்கு அந்த வரியைப் படித்ததும் அச்சமாக இருந்தது.

பதில்: அஞ்ச வேண்டாம். நீங்கள் படித்ததும் உண்மை, நான் எழுதியதும் உண்மை. எரிபொருள் கடும் வெப்பத்தில் எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி உருவாகும் அதே மூலக்கூறைத்தான் நம் உடலின் செல்களும் மிக மிகக் குறைந்த அளவில் தாமே தயாரித்துக்கொள்கின்றன. புரதங்களில் இருக்கும் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தை ஒரு நொதி சிட்ருலினாக மாற்றும்போது இந்த வாயு வெளிப்படுகிறது. வெளிப்பட்ட சில நொடிகளிலேயே அழிந்தும் விடுகிறது. அதனால் அது தான் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் போவதில்லை, பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பதில்கள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

இதைக் கண்டறிந்த விதமும் சொல்லத் தக்கது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டிய கீற்றுகளில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்த்தார். குழாயின் உட்படலம் சிதையாமல் இருந்த கீற்றுகள் தளர்ந்தன. கையாளும்போது உட்படலம் உரசி உரிந்துபோன கீற்றுகள் தளரவில்லை. உட்படலத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்துதான் அடியிலிருக்கும் தசையைத் தளர்த்துகிறது என்ற அவருடைய முடிவு 1980-இல் வெளியானது. அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடுதான் என்பது 1987-இல் உறுதியாயிற்று. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் 1998-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இதற்காகவே வழங்கப்பட்டது. நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கே 1896-இல் நெஞ்சுவலிக்கு மருத்துவர்கள் நைட்ரோகிளிசரினைத்தான் பரிந்துரைத்தார்கள். அந்த மருந்து நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டே வேலை செய்கிறது என்று முராத் 1977-இல் காட்டும்வரை அதன் சூட்சுமம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் அதே மருந்து பிரசவ அறைக்கும் வந்து சேர்ந்த கதையைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: அந்த வாயு கருப்பையை எப்படி அமைதியாக வைத்திருக்கிறது? சற்று விளக்கமாக எழுதுங்கள்.

பதில்: முதலில் கருப்பையின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். கருவுறாத காலத்தில் சுமார் 70 கிராம் எடையுள்ள அந்த உறுப்பு, நிறைமாதத்தில் ஒரு கிலோவுக்கும் சற்று அதிகமாகிறது. 10 மில்லிலிட்டர் கொள்ளளவு ஏறத்தாழ 5 லிட்டராக விரிகிறது. சாதாரணமாக இத்தகைய தசையை இழுத்தால் அது திருப்பிச் சுருங்கவே முயலும், சிறுநீர்ப்பை நிறைந்தால் முட்டுவது அதனால்தான். கருப்பையோ இவ்வளவு இழுபட்டும், உள்ளே ஓர் உயிர் உதைத்துக்கொண்டிருந்தும், மாதக்கணக்கில் பொறுத்திருக்கிறது. இந்தப் பொறுமை தானாக வாய்ப்பதில்லை. உடல் ஒவ்வொரு நாளும் உழைத்துக் காக்கிற ஒன்று அது.

தசை சுருங்க வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் உயர வேண்டும். உயர்ந்த கால்சியம் மயோசின் என்ற புரத இழையைத் தூண்டுகிறது, அது ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கிறது, அந்த இழுப்பே சுருக்கம். நைட்ரிக் ஆக்சைடு செல்லுக்குள் நுழைந்து குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியைப் பற்றிக்கொள்கிறது; அந்த நொதி சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற உள்தூதுவனை உண்டாக்குகிறது. அது கால்சியத்தின் அளவைத் தாழ்த்தி, மயோசினின் தூண்டுதலையும் கலைத்துவிடுகிறது. இரத்தக்குழாய்களில் நன்கு உறுதிப்பட்ட வழி இது.

கருப்பையில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் சொல்கிறேன். சிசேரியன் அறுவையின்போது, தாயின் சம்மதத்தோடு, வெட்டுவாயின் ஓரத்திலிருந்து தீக்குச்சி அளவு தசைக் கீற்று ஒன்றை எடுக்கிறார்கள். 37 டிகிரி வெப்பத்தில் ஆக்சிஜன் குமிழியிடும் உப்பு நீரில் அதைத் தொங்கவிட்டு, மேல்முனையை இழுவிசை அளக்கும் கருவியில் கட்டுகிறார்கள். சற்று நேரம் சும்மா இருக்கும் அந்தக் கீற்று, பிறகு யாரும் தூண்டாமலேயே சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுருங்கி விரியத் தொடங்கும், திரையில் கோடு மலைமலையாக எழும். உடலைவிட்டுப் பிரிந்த பிறகும் பிரசவ வலியின் தாளத்தை மறக்காத அந்தத் துணுக்கைப் பார்க்கும் எவருக்கும் ஒரு மரியாதை வந்துவிடும். அந்த நீரில் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் மருந்தைச் சேர்த்தால் மலைகள் தாழ்ந்து, இடைவெளி கூடி, கோடு படுத்துவிடும்.

அமெரிக்காவின் கால்வெஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் எலிகளின் கருப்பைக் கீற்றுகளில் ஆர்ஜினைனையே சேர்த்துப் பார்த்தார்கள். கர்ப்ப காலத்து எலியின் கீற்று தளர்ந்தது. குட்டி ஈனும் வேளையில் எடுத்த கீற்று அவ்வளவாகத் தளரவில்லை. அதாவது, கருப்பைக்குள்ளேயே அந்த வாயுவைத் தயாரிக்கும் ஏற்பாடு இருக்கிறது, அது கர்ப்பம் முழுவதும் வலுவாக இயங்கி, வேளை வந்ததும் தளர்கிறது.

எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. பெண்களின் கருப்பைத் தசை இந்த வாயுவுக்குத் தளர்வது உறுதி. ஆனால் வலி தொடங்கும்போது அதன் உற்பத்தி குறைகிறதா என்று அளந்தவர்களின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. அதோடு, குவானிலேட் சைக்ளேஸ் நொதியை மருந்து கொடுத்து முடக்கிய பிறகும் மனிதக் கருப்பைக் கீற்று தளர்கிறது என்று நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இரத்தக்குழாயில் நடக்கும் வழியைத் தவிர, புரதங்களின் மேல் நேரடியாக ஒட்டிக்கொண்டு அவற்றின் போக்கை மாற்றும் இன்னொரு வழியும் கருப்பையில் இருக்கிறது என்பது அவர்களது கருத்து. கருப்பையை ஒரு பெரிய இரத்தக்குழாயாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. கருப்பையின் அமைதிக்கு முதல் காவல் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். நைட்ரிக் ஆக்சைடு அதற்குத் துணை நிற்கிறது. சோதனை விலங்குகளில் நைட்ரிக் ஆக்சைடை மட்டும் தடுத்தபோது பிரசவம் முன்கூட்டி வந்துவிடவில்லை. புரோஜெஸ்டிரோனையும் சற்றே தடுத்து, இதையும் தடுத்தபோதுதான் வந்தது. இரண்டும் கைகோத்துக் காக்கின்றன என்பதை இதிலிருந்து அறியலாம்.

கேள்வி: அப்படியானால் பிரசவ வலி தொடங்கும்போது என்ன மாறுகிறது?

பதில்: எனக்கு இந்தப் பொருளிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். கருப்பை என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் அதில் இரண்டு விதமான திசுக்கள் இருக்கின்றன. மேலே குழந்தையைச் சுமக்கும் உடற்பகுதி, பெரும்பாலும் தசை. கீழே கருப்பை வாய். அதில் தசை குறைவு, கொலாஜன் என்ற உறுதியான நார்ப்பொருளே மிகுதி. கர்ப்பம் முழுவதும் கருப்பையின் உடல் தளர்ந்தும் அதன் வாய் இறுகியும் இருக்க வேண்டும். பிரசவத்தில் உடல் இறுக வேண்டும், வாய் இளக வேண்டும்.

நிறைமாதத்தில் கருப்பையின் உடற்பகுதியில், சுருக்கத்தைத் தூண்டும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் பெருகுகின்றன, தனித்தனியாக இருந்த தசைச் செல்களுக்கிடையே இணைப்பு வாயில்கள் திறந்து, எல்லாம் ஒரே மூச்சில் சுருங்கும் வல்லமை பெறுகின்றன, சுருக்கத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்களும் கூடுகின்றன. அதே காலத்தில் எலிகளின் கருப்பை உடலில் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி குறைகிறது, கருப்பை வாயிலோ அதே நொதி கூடுகிறது. ஒரே உறுப்பின் இரண்டு முனைகளில், ஒரே வாயு, ஒரே நாளில், எதிரெதிராக ஏறி இறங்குகிறது.

கருப்பை வாயில் கூடும் நைட்ரிக் ஆக்சைடு அங்கே செய்வது வேறு வேலை. கொலாஜனை அரிக்கும் நொதிகளையும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையும் அது தூண்டுகிறது, நீரை ஈர்த்து வைக்கும் பொருள்கள் திசுவில் சேர்கின்றன, இறுகப் பின்னியிருந்த நார்கள் பிரிந்து இளகுகின்றன. இதைக் கையால் உணர வேண்டுமானால் உங்கள் மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். பக்குவப்படாத கருப்பை வாய் பரிசோதிக்கும் விரலுக்கு அப்படித்தான் இருக்கும். பிறகு உங்கள் உதட்டைத் தொட்டுப் பாருங்கள். பிரசவத்துக்குத் தயாரான வாய் அந்த மென்மைக்கு வந்துவிடும். மருத்துவ மாணவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தரும் ஒப்புமை இது.

ஃபின்லாந்தின் ஹெல்சின்கி ஆய்வாளர்கள் கருப்பை வாயின் சுரப்பில் இந்த வாயுவின் எச்சங்களை அளந்தபோது, நாள் கடந்தும் வலி வராத பெண்களிடம் அது குறைவாக இருந்ததைக் கண்டார்கள். இதற்கு மறுபுறமும் உண்டு. தொற்று ஏறும்போது அழற்சிச் செல்கள் இதே வாயுவை ஏராளமாகத் தயாரிக்கும் இயல்புடையவை. நாள் நிறைவதற்கு முன்பே வாய் இளகிவிடும் சில குறைப்பிரசவங்களில் அதற்கும் பங்கிருக்கக் கூடும்.

கேள்வி: பிரசவ அறையில் வலி குறைய முகமூடி வழியாக ஒரு வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்தார்கள். அது இதுதானா?

பதில்: இல்லை. அது நைட்ரஸ் ஆக்சைடு. சிரிப்பு வாயு என்றும் சொல்வார்கள். அதில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டு. ஆக்சிஜனோடு சரிபாதியாகக் கலந்து கொடுக்கப்படும் அது மூளையில் வலியுணர்வை மங்கச் செய்கிறது. கருப்பையின் சுருக்கத்தைத் தளர்த்துவதில்லை. பெயர் ஒத்திருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

கேள்வி: என் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே வலி வந்துவிட்டது. நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுக் கருப்பையைத் தளர்த்தும் மருந்து இருக்கும்போது, மருத்துவர்கள் ஏன் அவளுக்கு வேறு மருந்தைக் கொடுத்தார்கள்?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. நைட்ரோகிளிசரினைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்து, முன்கூட்டி வந்த வலியை நிறுத்த முடிந்ததாக 1994-இல் ஓர் ஆய்வு வெளிவந்தபோது மருத்துவ உலகம் மிகுந்த நம்பிக்கை கொண்டது. அதன் பின் நடந்த பெரிய ஒப்பீடுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வழக்கமான மருந்துகளைவிட இது மேலானது என்று சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. காரணம் நான் முதலில் சொன்னதுதான். உடல் இந்த வாயுவை வேண்டிய இடத்தில், வேண்டிய நொடியில் தயாரிக்கிறது. பட்டையிலிருந்து வரும் மருந்தோ இரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. தலையின் இரத்தக்குழாய்கள் விரிந்து கடும் தலைவலி வருகிறது, தாயின் இரத்த அழுத்தம் இறங்குகிறது. கருப்பை வாயை இளக்கும் வேலையும் இதற்கு உண்டு என்பதால், குறைமாதத்தில் யோசித்தே கையாள வேண்டிய மருந்து இது என்பது என் கருத்து.

உங்கள் தங்கைக்குக் கருப்பையின் சுருக்கத்தை அடக்கும் நிஃபெடிபின் போன்ற மருந்து கொடுத்திருப்பார்கள். எந்த மருந்தானாலும் அதன் முக்கிய நோக்கம் ஏறத்தாழ இரண்டு நாள் அவகாசம் பெறுவதே. அந்த இரண்டு நாளில் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசி வேலை செய்துவிடும், தேவையானால் தாயைப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு மாற்றியும் விடலாம்.

கேள்வி: நாள் கடந்தும் வலி வராதவர்களுக்கு, கருப்பை வாயை இளக்க இந்த மருந்தைக் கொடுக்கலாமே?

பதில்: முயன்று பார்த்திருக்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் என்ற மாத்திரையைப் பிறப்புறுப்பில் வைத்தால், வலியை வரவழைக்காமல் வாய் மட்டும் இளகுவது 1990-களிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தெரியவந்தது. புரோஸ்டாகிளாண்டின் மருந்துகள் வாயை இளக்குவதோடு கருப்பையையும் சுருங்க வைப்பதால் குழந்தையைக் கண்காணித்தபடி மருத்துவமனையில்தான் கொடுக்க வேண்டும். இதுவோ வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடியது என்பதால் நம்பிக்கை பெருகிற்று. ஆனால் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த ஏறத்தாழ 350 பெண்களிடம் நடத்தி 2009-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், வாய் ஓரளவு இளகியதே தவிர, மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரையான நேரம் குறையவில்லை, தலைவலிதான் மிகுந்தது.

கேள்வி: குழந்தை பிறந்த பிறகு நஞ்சுக்கொடி வெளியே வராமல் கை விட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது நைட்ரோகிளிசரின் கொடுத்திருந்தால் தானாக வந்திருக்குமா?

பதில்: இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இருக்கிறது. பிரிட்டனில் 29 மருத்துவமனைகளில் 1,107 பெண்களிடம் இதையே சோதித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் தெளிப்பு; மறுசாராருக்கு மருந்தில்லாத தெளிப்பு. இரண்டு சாராரிலும் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கையால்தான் நஞ்சுக்கொடியை எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே உங்களுக்கு எதுவும் தவறவிடப்படவில்லை என்று மன அமைதி கொள்ளுங்கள்.

மருத்துவரின் கை உள்ளே செல்ல இடம் கொடுப்பதற்காகக் கருப்பையைக் கணநேரம் தளர்த்துவது வேறு விஷயம். பிரசவத்துக்குப் பின் கருப்பை உள்வெளியாகப் புரண்டுவிடும் அபூர்வமான, உயிருக்கே ஆபத்தான நிலையில், அல்லது சிசேரியனின்போது இறுகிய கருப்பைக்குள் குழந்தையின் தலை சிக்கிக்கொள்ளும் நிலையில், மயக்க மருத்துவர் 50 முதல் 200 மைக்ரோகிராம் நைட்ரோகிளிசரினை இரத்தக்குழாய் வழியாக ஊசியில் செலுத்துவார். ஒரு நிமிடத்துக்குள் தசை இளகும்; ஓரிரு நிமிடங்களில் மருந்தின் வேகம் தணிந்து, இரத்தப்போக்கை அடக்க வேண்டிய இறுக்கம் திரும்பத் தொடங்கும். சீக்கிரம் அழிந்துபோகும் குணமே இங்கே பெரும் நன்மையாகிறது. ஓரிரு நிமிடங்களில் ஒரு தாயைக் காப்பாற்றும் இந்தப் பயன்பாட்டைத்தான், இத்தனை ஆண்டு ஆராய்ச்சியின் மெய்யான கொடையாக நான் கருதுகிறேன்.

கேள்வி: எனக்கு முதல் பிரசவத்தில் இரத்த அழுத்தம் ஏறி, குழந்தையும் எடை குறைவாகப் பிறந்தது. இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறேன். நைட்ரிக் ஆக்சைடு கூடுவதற்கு ஆர்ஜினைன் மாத்திரை நல்லது என்று விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். உங்கள் கேள்விக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டருக்கும் மேல் இரத்தம் பாய வேண்டும். அதற்குத் தாயின் இரத்தக்குழாய்கள் விரிந்து கொடுக்க வேண்டும். தொப்புள்கொடியின் குழாய்களிலும் நஞ்சுக்கொடியின் குழாய்களிலும் நரம்புகளின் கட்டுப்பாடு கிடையாது என்பதால், அவற்றை விரிய வைப்பதில் நைட்ரிக் ஆக்சைடு போன்ற உள்ளூர்த் தூதுவர்களுக்குப் பெரும் பொறுப்பு இருக்கிறது. முன்சூல்வலிப்பு என்கிற உங்கள் நோயில், நஞ்சுக்கொடியிலிருந்து வெளிப்படும் ஒரு புரதம், இரத்தக்குழாய்கள் இந்த வாயுவைத் தயாரிக்கத் தூண்டும் வளர்ச்சிக் காரணியை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. மெக்சிகோவில் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 672 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், ஆர்ஜினைனும் வைட்டமின்களும் சேர்த்துக் கொடுத்த பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கும், இரண்டும் கொடுக்காதவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனாலும் ஓர் ஆய்வை வைத்து எல்லாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது.

இதே வழியைக் கூர்மையாகத் தூண்டும் இன்னொரு மருந்தின் கதை என்னை எச்சரிக்கையோடு பேச வைக்கிறது. சில்டெனாஃபில் நைட்ரிக் ஆக்சைடின் உள்தூதுவனை அழியாமல் காக்கும் மருந்து. கருவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு இரத்த ஓட்டம் கூடும் என்று எண்ணி நெதர்லாந்தில் அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் நுரையீரல் இரத்தக்குழாய் அழுத்தக் கோளாறும் இறப்புகளும் தென்பட்டதால் 2018 ஜூலையில் ஆய்வை நிறுத்தினார்கள். காகிதத்தில் சரியாகத் தெரிந்த ஒன்று கருவறையில் சரியாக இல்லை.

உங்கள் மருத்துவரிடம் முதல் பிரசவ விவரங்களை முழுவதுமாகச் சொல்லுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு 16 வாரங்களுக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது நன்கு நிறுவப்பட்ட தடுப்பு முறை. அது உங்களுக்குப் பொருந்துமா என்று தாமதிக்காமல் கேளுங்கள். இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு வருகையிலும் அளந்துகொள்ளுங்கள். கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே செல்லுங்கள்.

கேள்வி: பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறியபோது 'நைட்ரிக் ஆக்சைடு வைத்திருக்கிறோம்' என்று மருத்துவர் சொன்னார். கருப்பையில் இருந்த அதே வாயுவா?

பதில்: அதே வாயுதான். கருவில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் இரத்தக்குழாய்கள் குறுகியே இருக்கும், பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் விரிய வேண்டும். விரியாமல் போனால் இரத்தம் நுரையீரலுக்குள் செல்லாமல் வேறு வழியில் திரும்பிவிடும், குழந்தை நீலம் பாரிக்கும். நாள் நிறைந்து பிறந்து இந்நிலைக்கு ஆளாகும் குழந்தைகளுக்கு, மூச்சுக்காற்றின் பத்து லட்சம் பங்கில் 20 பங்கு என்ற அளவில் இந்த வாயுவைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது நுரையீரலின் காற்றறையைத் தாண்டிப் பக்கத்துக் குழாயை விரித்துவிட்டு, இரத்தத்துக்குள் நுழைந்த உடனே ஹீமோகுளோபினிடம் பிடிபட்டுச் செயலிழந்துவிடுகிறது. அதனால் குழந்தையின் உடல் முழுவதிலும் இரத்த அழுத்தம் இறங்குவதில்லை. வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்யும்படி இந்த வாயுவைக் கொண்டுசேர்க்க முடிந்த வழி மூச்சுக்குழாய். கருப்பைக்கு அப்படியொரு வழியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.